யாழ்ப்பாணம் எத்தனை எழுத்து?

யாழ்ப்பாணம் என்ற சொல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது? யா, ழ், ப், பா, ண, ம். ஆறு. சின்ன வகுப்புப் பிள்ளையும் விரல் மடித்துச் சொல்லிவிடும். இதையே பைதன் என்ற நிரல்மொழியிடம் கேட்டால் பதினொன்று எண்டு சொல்லும். பிஎச்பியிடம், சாதாரணமாக நீளம் பார்க்கிற கட்டளையால் கேட்டால், 33 எண்டு வரும். மூன்றுமே சரியான விடைதான் எண்டு கொம்பியூட்டர் படிக்கிற நண்பர்கள் சாதிப்பாங்கள். நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆள். எனக்கு ஆறு மட்டும்தான் சரி. அந்த ஆறுக்கும் பதினொன்றுக்கும் இடையில் நடந்த கதையைத்தான் இதில எழுதப் போகிறேன். கோட் எழுதுகிற எங்கட பெடியள் பெட்டையளிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கு. அது கடைசியில் வரும். பொறுமை இல்லாத ஆக்கள் நேரே கீழே போகலாம்.

பதினொன்று எங்கேயிருந்து வந்தது? 1991இல் யுனிகோட்டின் முதற்பதிப்பு வந்தபோது தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்தியா 1988இல் தன் மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி என்ற குறிமுறையைப் பார்த்துத்தான் அந்த ஒழுங்கு எடுக்கப்பட்டது. அதில் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இல்லை. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், பிறகு அரவு, விசிறி, கொம்பு, குற்று போன்ற குறிகள், அவ்வளவுதான். ஆகவே 'யா' கணினிக்கு ய-வும் அரவும். 'ழ்' என்பது ழ-வும் குற்றும். 'ண' மட்டும் தனியன். கூட்டிப் பாருங்கள், பதினொன்று வரும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றையும் சேமிக்க மூன்று பைட் வேண்டும், அதால்தான் 33. மெய்தான் முதல், அதில உயிர் ஏறுகிறது எண்டு இலக்கணம் படித்த எங்களுக்கு, அகரமேறிய எழுத்தை முதலாக வைத்து, குற்றுப் போட்டு அகரத்தைக் கழிக்கிற இந்தக் கணக்கு தலைகீழாகத்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் எண்டு சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2010இல் யுனிகோட்டோடு, அப்படித் தனி இடம் கொடுக்கிற டேஸ்-16 என்ற குறிமுறையையும் ஏற்றுக்கொண்டது. சண்டையில் நியாயம் இருக்கு. ஆனால் போனிலயும் இணையத்திலயும் வென்றது யுனிகோட்தான். பஸ் போனாப்பிறகு கை காட்டி என்ன செய்யிறது.

எனவே கணினி தமிழை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும் எண்டால் இடையில் ஒரு சின்ன நிரல் தேவை. மெய்யைத் தொடர்ந்து குறி வந்தால் முன்னதோடு ஒட்டு, வராவிட்டால் புது எழுத்தைத் தொடங்கு. கேட்க லேசு. பத்துப் பதினைந்து வரியில் எழுதிவிடலாம். அதுதான் பிரச்சினையும். லேசு எண்டதால் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். என்ர வட்டத்துக்குள்ளயே மூன்று பேர் இதை மூன்று தரம் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் குறுக்கெழுத்து விளையாட்டுக்கு, ஒருவர் எழுத்துப்பிழை பார்க்கிற இறுதி வருட புரொஜெக்டுக்கு, இன்னொருவர் 'வேர்டில்' மாதிரி ஒன்றைத் தமிழில் செய்ய. ஒருவருக்கு மற்றவர் எழுதினது தெரியாது. ஒருவரின் நிரல் ஃ வந்தால் விழுந்து போகும். மற்றவருடையதில் 'க்ஷ' இரண்டாக உடையும். மூன்று பேருமே 'ஸ்ரீ'யைப் பற்றி யோசிக்கவில்லை. ஸ்ரீகாந்தனும் ஸ்ரீதேவியும் நிறைந்த ஊரில இருந்துகொண்டு!

ஸ்ரீயின் கதை இன்னும் சுவாரசியம். யுனிகோட்டில் ஶ என்ற எழுத்து 2005இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுக்கு முன்னம் எல்லாரும் ஸ-வில் தொடங்கித்தான் அடித்தார்கள், இப்பவும் கனபேர் அப்படித்தான். ஆக, திரையில் ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு ஸ்ரீ இருக்கு. கணினிக்கு அவை வேறு வேறு ஆக்கள்.

இதெல்லாம் யுனிகோட்டுக்குள்ள நடக்கிற சங்கடம். எங்கட ஊரின் உண்மையான தலையிடி அதுக்கும் முந்தினது. அதின்ர பெயர் பாமினி.

பாமினியைத் தெரியாத யாழ்ப்பாணத்து அச்சகம் இருக்காது. கல்யாணக் காட், அந்தியேட்டி மலர், கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், பேப்பர், புத்தகம் எல்லாம் அதில ரைப் பண்ணப்பட்டவை. பாமினி ஒரு எழுத்துரு மட்டும்தான். கணினியின் நினைவில் இருக்கிறது ஆங்கில எழுத்து, அதுக்கு மேல தமிழ் வடிவத்தைச் சட்டை மாதிரிப் போட்டிருக்கு. விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் 'தமிழ்' எண்டு தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்து குறிதான் மிஞ்சும். வரலாறு படிக்கிற எங்களுக்கு இதின்ர அர்த்தம் என்னவெண்டால், 1990களிலயும் 2000களிலயும் இங்க அச்சான எவ்வளவோ விசயம் கணினிக் கோப்பாக இருந்தும் தேட முடியாமல் கிடக்குது. தமிழாக இல்லை, ஆங்கிலக் குப்பையாகக் கிடக்குது.

இதை யுனிகோட்டுக்கு மாற்றுகிற மாற்றிகள் வந்தன. 2000களில் இணையத்தில் எழுத வந்த எங்கட ஆக்களுக்கு சுரதாவின் 'பொங்குதமிழ்' எழுத்துருமாற்றி தெரியாமல் இருக்காது. ஒரு பெட்டியில் ஒட்டினால் மற்றப் பெட்டியில் தமிழ் வரும். அதைக் கண்டு பலபேர் தாங்களும் எழுதினார்கள், இப்பவும் எழுதுகிறார்கள். மாற்றி எண்டால் என்ன, இந்தக் குறிக்குப் பதில் அந்தக் குறி எண்டு நீளமான பட்டியல்தானே எண்டு நினைப்போம். நானும் ஒரு நண்பனும் இருந்து அப்படி ஒரு பட்டியலை வரி வரியாக வாசித்தோம். அதில ஒழுங்குதான் உயிர்.

'கொ'வை எடுங்கள். பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில்தான் தட்டுவது. முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. மாற்றி இந்த மூன்றையும் சேர்த்து முதலில் பிடித்து 'கொ' ஆக்க வேண்டும். அதுக்குப் பிறகுதான் கொம்பு-க என்ற இரண்டையும் 'கெ' ஆக்கலாம். ஒழுங்கு மாறினால் முதலில் 'கெ' ஆகிவிடும், மிஞ்சின அரவு பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். திரையில் 'கொக்குவில்' எண்டே தெரியும். உள்ளே கொம்பும் அரவும் பிரிந்து கிடக்கும். இரண்டும் சமம் எண்டு யுனிகோட் விதி சொல்கிறது, சமப்படுத்துகிற வழியும் அதில இருக்கு. ஆனால் அது தெரியாமல் நேராக ஒப்பிடுகிற நிரலில் 'கொக்குவில்' எண்டு தேடினால் வராது. கொடிகாமம் வராது. கோப்பாயும் கோண்டாவிலும் வராது. பாதி வலிகாமம் காணாமல் போய்விடும்!

இன்னொன்று ஔகாரம். பாமினியில் 'கௌ'வின் பின்பாதியும் 'ள'வும் ஒரே தோற்றம், ஆகவே கொம்பு-க-ள எண்டுதான் தட்டுவார்கள். மாற்றினால் 'கெளரவம்' எண்டு வரும். சரி, கொம்பு-வ-ள வந்தால் எல்லாவற்றையும் 'வௌ' ஆக்கு எண்டு கட்டளை போட்டால் வௌவால் திருந்திவிடும், ஆனால் வெளிநாடு உடைந்துவிடும். ளவுக்குப் பின்னால் வேறு குறி வருகுதா எண்டு பார்த்துத்தான் முடிவெடுக்க வேணும். இதை முதல் மாற்றி எழுதினவர் ஒருநாள் கண்டுபிடித்திருப்பார். இரண்டாவது ஆளும் திரும்பக் கண்டுபிடித்திருப்பார். பத்தாவது ஆள் கண்டுபிடிக்காமலே புரொஜெக்டைச் சமர்ப்பித்திருப்பார். சௌந்தரி எண்டொரு பெயர் ஒரு பட்டியலில் இருந்து, தேடும்போது வராவிட்டால், தேடுகிறவருக்கு அந்த ஆள் பட்டியலில் இல்லை. பெயர்ப் பட்டியல்கள் எங்கட ஊரில என்ன கனம் கொண்டவை எண்டு நான் விளக்கத் தேவையில்லை.

இந்தக் குறிமுறைக் குழப்பத்தைத் தீர்க்க உலகத் தமிழர் கூடிக் கதைத்த காலத்தில் நாங்கள் எங்க இருந்தோம் எண்டும் சொல்ல வேணும். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் முதல் தமிழிணைய மாநாடு. 1998 தைப்பொங்கலில் சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். மின்னஞ்சலிலேயே வாதிட்டு தஸ்கி என்ற பொதுக் குறிமுறையை ஆர்வலர்கள் உருவாக்கினார்கள். 1999 பெப்ரவரியில் சென்னை மாநாட்டில் டாம், டாப், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் வந்தன. இங்க 1990 ஜூனோடு போன கரண்ட் பல வருசம் திரும்பி வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை ஏ.எல். படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. (அந்த விளக்குக்கு யாரும் உரிமை கேட்கவில்லை. ஒரு வீட்டில் பார்த்து அடுத்த வீட்டில் செய்தது.) தஸ்கி வாதத்தில் குடாநாட்டுக் குரல் பெரிதாக இல்லாததுக்குக் காரணம் சோம்பல் இல்லை. ஆனால் அந்தக் காரணம் இப்ப இல்லை எண்டதையும் நாங்கள் ஒத்துக்கொள்ள வேணும்.

2005இல் நூலகம் திட்டம் தொடங்கியபோது ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்கிற வேலை பொதுவேலையானது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த ஊர் இது. நிரலர்கள் தாங்கள் பகிர்ந்து பாவிக்கிற நிரல் தொகுப்பையும் ஆங்கிலத்தில் 'லைப்ரரி' எண்டுதான் சொல்கிறார்கள், தமிழில் நிரலகம் எண்டு எழுதுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அந்தச் சொல்லை வெறும் கலைச்சொல்லாகக் கேட்கக் கஷ்டம்.

பகிர்கிற பழக்கம் எங்களுக்குப் புதிது எண்டு யாரும் சொன்னால் அகராதி வரலாற்றைக் காட்டுவேன். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நைற் பாதிரியார் தமிழ்ச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். பிறகு அவர் இறந்துவிட்டார். திரட்டு சாகவில்லை. 1842இல் சந்திரசேகர பண்டிதரின் உழைப்போடு மானிப்பாய் அகராதி 58,500 சொற்களுடன் அச்சானது. நைற்றின் திரட்டு கைமாறி வின்சுலோவிடம் போய், 1862இல் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியாகச் சென்னையில் வெளிவந்தது. அதை அடித்தளமாக வைத்துத்தான் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 தொடக்கம் 1936 வரை தமிழ் லெக்சிக்கனை வெளியிட்டது. நூறு வருசம், கடலுக்கு இரண்டு பக்கமும், பாதிரிமாரும் சைவப் பண்டிதரும். ஒருவரும் 'நான் அ-விலயிருந்து புதுசாத் தொடங்கப்போறன்' எண்டு நிற்கவில்லை. நிண்டிருந்தால் எல்லாரும் ககரத்தோடயே செத்துப்போயிருப்பார்கள்.

கணினிக்காரருக்கும் இப்படி ஒரு மூதாதை இருக்கிறார். கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினி 1949 மே 6ஆம் திகதி தன் முதல் கணக்கைச் செய்தது. அதைக் கட்டிய மொரிஸ் வில்க்ஸ், மிச்ச ஆயுளில் பெரும்பங்கு தன் நிரல்களில் பிழை தேடுவதிலேயே போகப்போகிறது எண்டு விளங்கிய தருணத்தைப் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார். அதுக்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று, ஒருமுறை எழுதிச் சரிபார்த்த துணைநிரலைத் துளையிட்ட கடதாசி நாடாவில் வைத்து அலுமாரியில் அடுக்கியது. சைன் கணக்கு வேண்டுமா, அந்த நாடாவைப் பிரதியெடுத்து உன் நிரலோடு சேர். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் இதைப் பற்றி 1951இல் புத்தகமே போட்டார்கள். 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில் டக்ளஸ் மக்கில்ரோய் இன்னும் ஒருபடி போய்க் கேட்டார்: மற்றத் தொழிலில் எல்லாம் உதிரிப்பாகம் செய்கிறவர்கள் தனியாக இருக்கிறார்கள், மென்பொருளில் ஏன் இல்லை? நல்லூர்த் திருவிழாவுக்குத் தேர் இழுக்க ஒவ்வொரு வருசமும் புதுத் தேர் செய்வதில்லை எண்டு நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

தமிழுக்கு அந்த அலுமாரி இப்ப இருக்கு. ஓப்பன்-தமிழ். எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்த ஆர்வலர்களும் 2013 அளவில் தொடங்கிய பைதன் நிரலகம். எம்ஐடி உரிமம், காசு இல்லை, பாவிக்கலாம், திருத்தலாம், விற்கிற பொருளுக்குள்ளயும் வைக்கலாம். யாழ்ப்பாணத்தைக் கொடுத்து எழுத்தாகப் பிரி எண்டால் ஆறு எண்டு சொல்லும். தமிழ் நெடுங்கணக்குப்படி வரிசைப்படுத்தும். எண்ணைச் சொல்லாக மாற்றும். பாமினி, தஸ்கி, டாப், டாம் உட்படப் பழைய குறிமுறைகளை யுனிகோட்டாக்குகிற பகுதியும் அதுக்குள்ள இருக்கு. ஆங்கில எழுத்தில் அடித்ததைத் தமிழாக்குகிற அட்டவணைகளில் ஒன்றின் பெயரே 'ஜஃப்னா'. எங்கட ஊர்ப் பெயரில் ஒரு அட்டவணை அதில கிடக்க, எங்கட பெடியள் அதைத் திறந்து பாராமல் புதுசா எழுதிக்கொண்டிருக்கிறது எனக்குப் பகிடியாகவும் இருக்கு, கவலையாகவும் இருக்கு.

வரிசைப்படுத்துவதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் எண்டால், அது என் துறைக்கு நேரடியாக வலிக்கிற இடம். யுனிகோட் இட எண்ணின்படி அடுக்கினால் ழ-வுக்குப் பின்தான் வ. ஆகவே 'பழம்' முந்தும், 'பவளம்' பிந்தும். அகராதியில் மறுவளம். குற்றுக்குரிய எண் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பதால் 'பகல்' முந்தி, 'பக்கம்' பிந்தும். அதுவும் மறுவளம். ஜ போய் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் குந்திக்கொள்ளும். இப்படி அடுக்கப்பட்ட பெயரடைவுகளை நான் அண்மையில் அச்சான புத்தகங்களிலேயே பார்க்கிறேன். தொகுத்தவர் பாவம், மாதக்கணக்கில் உழைத்திருப்பார். கடைசிப் பொத்தானை அமத்தினவுடனே நெடுங்கணக்கு குழம்பிவிட்டது.

மறுப்புகள் இருக்கு, கேட்டிருக்கிறேன். முதலாவது, மற்றவன் எழுதினதை நம்பி இருந்தால் அவன் கையை விட்டவுடன் நாங்கள் விழுவோம். உண்மை. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரி நிரலை எழுதியவர் கோபத்தில் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்க எத்தனையோ பேரின் வேலை நின்றது. அதிலயிருந்து நான் எடுக்கிற பாடம் வேற. பிரதி ஒன்றை உங்களிடம் வைத்திருங்கள், எந்தப் பதிப்பைப் பாவித்தீர்கள் எண்டு எழுதி வையுங்கள், தொகுப்பைப் பராமரிக்கிற ஆக்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வெள்ளம் வந்த வருசத்துக்குப் பிறகு யாரும் பொதுக்கிணற்றைத் தூர்ப்பதில்லை.

இரண்டாவது, புரொஜெக்டில் எல்லாம் நானே எழுதினேன் எண்டு காட்டினால்தான் புள்ளி. இதில் மாணவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வரலாற்றுக் கட்டுரையில் முன்னம் எழுதப்பட்டதை வாசித்து அடிக்குறிப்புப் போடாவிட்டால்தான் எங்களுக்குப் புள்ளி வெட்டு. அறிவியல் பீடத்தில் மட்டும் முன்னோரை மறைக்கிறது கெட்டித்தனமாக எப்படி ஆனது? சொந்தமாக எழுதிப் பழகுவது நல்லது, ஒருக்கா எழுதுங்கள். எழுதிப் பழகினதைப் பிறகு தூக்கி வைத்துவிட்டு, பொதுத் தொகுப்பைப் பாவித்து அதுக்கு மேல ஒரு மாடி கட்டுங்கள்.

மூன்றாவது, ஓப்பன்-தமிழில் குறைகள் இருக்கு. இருக்கும்தான். தன்னார்வலர் இரவில் முழித்திருந்து எழுதினது. குறை கண்டால் தனியாக வேறொன்று எழுதாமல் அங்கேயே திருத்துவது ஒரு பின்னேர வேலை. இப்படிப் பொதுவில் வைப்பதால் என்ன நடக்கும் எண்டதுக்கு உதாரணம் தேடி வெளியூர் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையின் கெ. சர்வேஸ்வரனும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த 'தமிழிமோர்ப்', ஒரு சொல்லைக் கொடுத்தால் வேர், காலம், இடம், எண் எண்டு பிரித்துச் சொல்லும். 'வந்தார்கள்' எண்டால் வா, இறந்தகாலம், படர்க்கை, பன்மை. அதைத் திறந்த மூலமாகவே விட்டிருக்கிறார்கள். எங்கே இருக்கிறவரும் எடுத்துப் பாவிக்கலாம்.

இனி வேண்டுகோள். தமிழை வைத்து ஏதும் செய்யத் தொடங்க முன்னம், எழுத்துப் பிரிக்கிற அந்தப் பதினைந்து வரியைத் திரும்ப எழுதாதீங்கோ. பாமினி மாற்றி ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறீங்கள் எண்டால், அதில உங்களுக்கு மட்டும் தெரிந்த திருத்தங்கள் இருக்கும். அவற்றைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்புங்கோ. கோட் தெரியாத எங்களுக்கும் அதில் வேலை இருக்கு. எந்த நிரலகத்துக்கும் சோதனைச் சொற்கள் வேண்டும். எந்தச் சொல் எத்தனை எழுத்து, எதுக்குப் பின் எது, எதை எப்படித் தவறாக அடிப்பார்கள் எண்டு சொல்ல இலக்கணமும் ஊரும் தெரிந்த ஆள் தேவை. நாங்கள் சில பேர் சேர்ந்து அப்படி ஒரு பட்டியலைப் போடத் தொடங்கியிருக்கிறோம். இப்போதைக்கு அதில இருக்கிறவை: கொக்குவில், கௌரவம், வௌவால், வெளிநாடு, கெளிறு, அஃறிணை, பக்ஷி, இரண்டு விதமான ஸ்ரீ. கெளிறைச் சேர்த்தது பாசையூரில் இருந்து வாற நண்பி. மாற்றி எழுதின ஒருவருக்கும் அந்த மீன் ஞாபகம் வந்திராது எண்டாள்.